பக்கவாதத்துக்குப் பிறகு முதியவரைப் பராமரித்தல்: குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ பக்கவாதம் வருகிறது. முதல் சில மணி நேரத்துச் சிகிச்சை முடிந்த பிறகு, ஒரு முதியவர் எந்த அளவுக்குத் தேறுகிறார் என்பதில் செவிலியப் பராமரிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவமனையில் செவிலியர் செய்த அதே வேலைகளை, வீடு திரும்பிய மறுநாளிலிருந்து மனைவியோ மகளோ மருமகளோ செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருப்பதில்லை. கீழே உள்ள விடைகள் 65 வயதைக் கடந்த, உடலின் ஒரு பக்கம் செயலிழந்த ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் நோயாளிக்கு மருத்துவர் தனியாக ஏதேனும் சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

மருத்துவமனையில் முதல் சில நாட்கள் செவிலியர்கள் இத்தனை முறை வந்து எதைப் பார்க்கிறார்கள்?

நினைவு தெளிவாக இருக்கிறதா, கைகால்களின் பலம் கூடுகிறதா குறைகிறதா, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் எப்படி இருக்கின்றன என்று குறித்துக்கொண்டே வருகிறார்கள். முதல் சில நாட்களில் நிலைமை திடீரென்று மோசமடையக்கூடும் என்பதால் சிறிய மாற்றத்தையும் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கு அப்பால் காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றுக்கும் தனி இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மூன்றையும் வரையறுத்த நெறிமுறைப்படி செவிலியர்கள் கவனித்த பிரிவுகளில், 90 நாட்கள் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழும் நிலையில் இருந்தவர்களும் சேர்ந்து 42 சதவீதமாக இருந்தார்கள். வழக்கமான பராமரிப்பு கிடைத்த பிரிவுகளில் அது 58 சதவீதம். புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் கிடைத்த வித்தியாசம் இது. வீட்டிலும் ஒரு தெர்மாமீட்டரும் சர்க்கரை பார்க்கும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

குடும்பத்தினரைக் கலங்கவைக்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிபி 180ஐத் தாண்டியிருந்தும் மருந்து கொடுக்காமல் இருக்கிறார்களே என்று பலர் சினப்படுகிறார்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்படாதவருக்கு, தொடக்கத்தில் 220/120 வரையுள்ள அழுத்தத்தைப் பொதுவாகக் குறைப்பதில்லை. சட்டென்று குறைத்தால், ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவிக்கும் மூளைப்பகுதிக்குச் செல்வது இன்னும் குறைந்துவிடும். ரத்தக்கசிவால் வந்த பக்கவாதத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நா வறண்டு தண்ணீர் கேட்கிறார். ஒரு வாய் தண்ணீராவது கொடுக்கக் கூடாதா?

விழுங்கும் திறனைச் சோதித்து அனுமதிக்கும் வரை கொடுக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது. அத்தகையவருக்கு எல்லாவற்றையும் விட ஆபத்தானது, நாம் மிகச் சாதாரணமாக நினைக்கும் தண்ணீர்தான். தொண்டைத் தசைகள் சுதாரித்து மூச்சுக்குழலை மூடுவதற்குள் அது ஓடி உள்ளே இறங்கிவிடும். ஆரோக்கியமானவருக்கு உடனே புரையேறி இருமல் வரும். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குத் தொண்டையில் உணர்வு குறைந்திருப்பதால் இருமலே வராது. ஆகவே “இருமவில்லையே, நன்றாகத்தான் குடித்தார்” என்பது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. இரண்டு மூன்று நாட்கள் கழித்துக் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக நிமோனியா வந்த பிறகுதான் நடந்தது தெரியவரும்.

சோதனை எளிமையானது. நோயாளி விழிப்பாக இருக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, பயிற்சி பெற்ற செவிலியரோ பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரோ சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, மூச்சு மாறுகிறதா என்று கவனிப்பார்கள். அதுவரை நனைத்துப் பிழிந்த துணியால் வாயை ஈரப்படுத்தலாம், உதட்டில் வாசலின் தடவலாம். உறவினர் கோயில் தீர்த்தமோ இளநீரோ கொண்டுவந்து வாயில் ஊற்ற முனைவதும் உண்டு. கட்டிலருகே இருப்பவர் அந்த நேரத்தில் கண்டிப்பாக இருந்தே ஆக வேண்டும்.

விழுங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எதை, எப்படிக் கொடுப்பது?

முதுகு நேராக இருக்கும்படி உட்காரவைத்து, பலமான பக்கத்துக் கன்னத்துக்குள் உணவு போகுமாறு சிறு கரண்டியால் அரைக் கரண்டியாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் முழுவதும் இறங்கியதா என்று பார்த்த பிறகே அடுத்தது. தலையை அண்ணாத்தி ஊற்றும் நம் பழக்கம் இங்கே கூடவே கூடாது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள், சாப்பிடும்போது கேள்வி கேட்காதீர்கள். முடிந்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

உணவின் பதம்தான் பலரும் தவறிப்போகும் இடம். நோயாளிக்கு ஏற்றதென்று நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது ரசம் சாதம். நீர்த்த திரவமும் கெட்டியான பருக்கையும் ஒரே வாயில் சேர்ந்திருப்பதால் விழுங்கச் சிரமமுள்ளவருக்கு அது மிகக் கடினமான உணவு: பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் நழுவிவிடும். சாம்பாரில் ஊறிய இட்லிக்கும் பாலில் போட்ட பிஸ்கட்டுக்கும் இதே குறை உண்டு. பொரி, அவல், வறுத்த கடலை போன்ற உதிரி உணவுகளையும் தவிர்க்க வேண்டும். கட்டியில்லாமல் கிண்டி ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், மிக்ஸியில் அரைத்த பருப்புச் சாதம், தாளிப்பில்லாமல் மசித்த தயிர்சாதம், கெட்டித் தயிர், மசித்த வாழைப்பழம் ஆகியவை ஒரே பதமாக, ஒன்றாகத் திரண்டு இறங்கும். தாளிப்பு வேண்டாம் என்பது சுவைக்காகச் சொல்வதில்லை. கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரையும் காப்பியையும் எந்த அளவு கெட்டியாக்க வேண்டும், அதற்கான மாவு தேவையா என்பதை விழுங்கல் சிகிச்சையாளர் சொல்வார். சில வாரங்களுக்கு ஒருமுறை மறுசோதனை செய்தால் பலருக்குப் பதத்தைத் தளர்த்த முடிகிறது; சோதிக்காமலேயே ஒருவரை மாதக்கணக்கில் கூழிலேயே வைத்திருப்பதும் சரியன்று.

மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் உணவு கொடுப்பது பாதுகாப்பானதா?

கற்றுக்கொண்டு செய்தால் பாதுகாப்பானதுதான். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் செவிலியர் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே இரண்டு மூன்று முறை கொடுத்துப் பழகிவிட வேண்டும். மூக்கு நுனியில் குழாய் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் அந்தக் குறி நகரவில்லை என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும். நகர்ந்திருந்தாலோ, இருமல், மூச்சுத்திணறல், வாந்தி ஏதேனும் இருந்தாலோ கொடுக்கக் கூடாது. குழாயில் காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறை நம்பத்தகுந்ததன்று. நுரையீரலுக்குள் போன குழாயிலும் அதே போன்ற சத்தம் கேட்கலாம்.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க, ஒரு வேளைக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லி, வடிகட்டியதும் உடல் சூட்டில் உள்ளதுமான உணவைச் சிரிஞ்சிலிருந்து தானாக இறங்கவிட வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி அளவு தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. மாத்திரைகளைப் பொடித்துப் போடும் முன் மருந்தாளுநரிடம் கேளுங்கள், ஏனென்றால் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் சேரும். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் யாரும் திரும்பச் செருக முயலக் கூடாது. நான்கு வாரங்களுக்கு மேலும் குழாய் தேவைப்படும் என்று தோன்றினால், வயிற்றில் நேரடியாகக் குழாய் பொருத்துவது பற்றி மருத்துவரே பேச்செடுப்பார்.

குழாயில்தானே சாப்பாடு போகிறது, பல் துலக்க வேண்டுமா?

அவருக்குத்தான் கட்டாயம் வேண்டும். உண்ணாத வாயில் எச்சில் வறண்டு கிருமிகள் பெருகுகின்றன. அந்த எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். காலையும் இரவும் மென்மையான பிரஷால், தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, நுரை மிகாமல் துலக்கித் துடைத்தெடுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிவிட வேண்டும்.

படுக்கைப்புண் வராமல் இருக்க என்ன செய்வது? ஏர் பெட் வாங்கினால் போதுமா?

போதாது. காற்று மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை அது செய்துவிடாது. தானாகப் புரளாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும். தோல் நன்றாக இருந்து மெத்தையும் இருந்தால் இரவில் இடைவெளியைச் சற்று நீட்டலாமா என்று செவிலியரைக் கேட்டுக்கொள்ளலாம். முழுவதுமாக ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பின் மேல் எடை இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவு சாய்த்தால் அது தவிர்க்கப்படும். நகர்த்தும்போது இழுக்காமல், இடுப்புக்குக் கீழே விரித்த போர்வையை இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒரே ஓர் இழுப்பில் வயதானவரின் மெல்லிய தோல் உரிந்துவிடும்.

நாள்தோறும் குளிப்பாட்டும்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை, காது மடல் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே சிவந்திருப்பது முதல் எச்சரிக்கை என்று பாடநூல்கள் சொல்கின்றன. நம்மில் பலரின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெரியாமல் போகலாம். அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள இடத்தை விடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தாலும், நிறம் மேலும் கறுத்திருந்தாலும் அந்தப் பக்கம் படுக்கவைக்கக் கூடாது. அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. அடியில் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் திசு தேய்ப்பதால் மேலும் சிதையும். ஸ்பிரிட் தடவுவது, பவுடரைக் கொட்டுவது, நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்காரவைப்பது, கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அண்டக் கொடுப்பது ஆகியவற்றை இன்றும் பல இடங்களில் காண்கிறோம். நான்குமே கைவிடப்பட வேண்டியவை. குதிகாலுக்குச் செய்ய வேண்டியது, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கச் செய்வதுதான்.

விழுந்துபோன கைக்கு எண்ணெய் தேய்க்கலாமா, ஒத்தடம் கொடுக்கலாமா?

கையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது வேறொன்று. அந்தக் கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளுக்கு அடியில் கை கொடுத்தோ அவரைத் தூக்காதீர்கள். தசைகள் தளர்ந்த தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால், கையின் எடையே அதைக் கீழே இழுத்து மூட்டை நழுவவைக்கும். அதன் பிறகு வரும் வலி மாதக்கணக்கில் நீடித்து, பயிற்சியே செய்யவிடாமல் ஆக்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்காமல் தலையணையிலோ மேசையிலோ இருக்கட்டும். செயலிழந்த பக்கம் படுக்கலாம், அது நல்லதும்கூட. தோளைச் சற்று முன்னுக்கு எடுத்துவிட்டு, அதன் மேலேயே படுக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும். சட்டை போடும்போது விழுந்த கையை முதலிலும், கழற்றும்போது கடைசியிலும் எடுத்தால் மூட்டு முறுக்கப்படாது.

இளஞ்சூட்டில் எண்ணெயை மெதுவாகத் தடவுவதில் தவறில்லை. அழுத்திப் பிடித்துவிடுவது பலன் தராது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைத் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். வெந்நீர்ப் பையும் மணல் ஒத்தடமும் வேண்டாம். உணர்வில்லாத தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகும் அவருக்குத் தெரியாது. புறா ரத்தம் தேய்த்தால் கை எழும் என்று ஊரில் யாரேனும் கட்டாயம் சொல்வார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தொடக்கத்து வாரங்களில் பலருக்குத் தானாகவே சிறிது பலம் திரும்புவதால், அந்நேரத்தில் எதைத் தேய்த்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

எப்போது எழுந்து உட்காரலாம், நடக்கலாம்? பயிற்சியை நாங்களே கொடுத்தால் போதாதா?

சீக்கிரம் எழுப்ப வேண்டும், ஆனால் அவசரப்படக் கூடாது. 2015இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி நீண்ட நேரம் எழுப்பி நடமாடவைத்தவர்களில் நன்றாகத் தேறியோர், வழக்கமான வேகத்தில் எழுப்பப்பட்டவர்களை விடக் குறைவாகவே இருந்தார்கள். ஒரு நாள் கழித்து, குறுகிய நேரமாகப் பலமுறை உட்காரவைத்துத் தொடங்குவது இப்போது பின்பற்றப்படும் முறை.

குடும்பத்தினரே பயிற்சி கொடுப்பது பற்றி இந்தியாவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்றுவிக்கப்பட்ட குடும்பத்தினர் வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களுக்கும் இடையே 6 மாதம் கழித்து இறப்பிலோ சார்ந்திருத்தலிலோ வேறுபாடு காணப்படவில்லை. குடும்பத்தின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. இயன்முறை மருத்துவரின் இடத்தை வீட்டாரால் நிரப்ப இயலாது என்றும், நோயாளி நடக்காமல் போனதற்கு மருமகள் சரியாகச் செய்யவில்லை என்று பழிபோடுவது நியாயமில்லை என்றும் நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

நடக்கத் தொடங்கியதும் விழுவது பெரிய ஆபத்து. ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பக்கம் வார் உள்ளது வேண்டும். தரைக் கழிப்பறைக்கு மாறாகக் கமோடு நாற்காலி வையுங்கள். துணைக்கு நடப்பவர் செயலிழந்த பக்கம் நிற்க வேண்டும்.

சிறுநீர்க் குழாயை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. வசதிக்காக மட்டும் அதை வைத்திருக்கக் கூடாது. இருக்கும்வரை பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவிட்டு, தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களாகவே கேட்டு அழைத்துச் சென்றால், டயப்பர் இல்லாமலேயே பலர் பழகிவிடுகிறார்கள். மலச்சிக்கலைக் கேட்டுக் குறித்துவையுங்கள். பேச முடியாத முதியவர் காரணமின்றி அமைதியிழந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் சிறுநீர் அடைப்பும் மலச்சிக்கலும் உண்டு.

பேச்சு வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா?

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு வலது கை கால் விழுந்தவர்களுக்கே பேச்சு போவது அதிகம். சிலருக்கு எல்லாம் புரியும், சொல் மட்டும் வராது. வேறு சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் சொற்களில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் புரியாது. எந்த வகை என்று தெரியும் முன்பே அவர் எதிரில் அவரைப் பற்றி இல்லாதவர் போலப் பேசுவது மிகவும் புண்படுத்தும். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, அதுவும் ஆம் இல்லை என்று தலையசைத்தால் போதும் என்னும்படியான கேள்வி கேட்டுவிட்டு, காத்திருங்கள். அவர் தேடும் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம். காது கேளாதவரிடம் பேசுவது போல உரக்கக் கத்த வேண்டியதும் இல்லை.

வலப்பக்கம் பாதிக்கப்பட்டு இடது கை கால் விழுந்தவர்களில் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். இலையின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார்கள். அது பிடிவாதமன்று. பேசும்போது இடப்பக்கம் நின்று கவனத்தை அங்கே அழையுங்கள். ஆனால் தண்ணீர்ச் செம்பையும் அழைப்பு மணியையும் அவருக்குத் தெரியும் பக்கமே வையுங்கள்.

காரணமில்லாமல் அழுகிறார், சிரிக்கிறார், கோபப்படுகிறார். இது மனநோயா?

சிறிய தூண்டலுக்கே அடக்க முடியாமல் அழுவதும் சிரிப்பதும் மூளைப் பாதிப்பின் நேரடி விளைவாக இருக்கலாம். பேச்சை வேறு பக்கம் திருப்பினால் சட்டென்று அடங்கிவிடும். மனச்சோர்வு வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. சாப்பிட மறுப்பது, தூக்கமின்மை, பயிற்சிக்கு ஒத்துழைக்காமை என்று அது வெளிப்படுவதால் வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மருந்தால் குணமாக்கக்கூடியது என்பதால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பராமரிப்பவரும் இதே சோர்வுக்கு ஆளாகலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். இரவு புரட்டும் வேலையை ஒருவர் மட்டுமே சுமக்காமல் முறைவைத்துக்கொள்ளும் வீடுகளில்தான் பராமரிப்பு மாதக்கணக்கில் நிலைக்கிறது.

நன்றாகத் தேறிவிட்டார். மாத்திரைகளை நிறுத்தலாமா?

மருத்துவர் சொல்லாமல் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் பிபி மாத்திரையும் கொழுப்புக்கான மாத்திரையும் வந்துபோன பக்கவாதத்தைக் குணப்படுத்தத் தரப்படுபவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை அடுத்தது வராமல் தடுப்பதற்கானவை. பல் பிடுங்குவதற்கோ கண்புரை அறுவைக்கோ நிறுத்த வேண்டும் என்று யாரேனும் சொன்னாலும் முதலில் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் வழக்கமான அளவைப் போட்டுவிடாமல், சர்க்கரையைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எந்த அறிகுறிகளுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுதல், இன்னொரு கை அல்லது கால் புதிதாகத் தளர்தல், பேச்சு மேலும் குழறுதல், திடீர்ப் பார்வைக் குறைவு, கடுந்தலைவலி, எழுப்பியும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழைத்து, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருப்பதால் மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். அறிகுறி சிறிது நேரத்தில் தானாக மறைந்துவிட்டாலும் போக வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் கரண்டியோ கையில் இரும்போ கொடுக்காமல், எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல், சளி அதிகமாகி மூச்சிரைத்தல், ஒரு கால் மட்டும் வீங்குதல், சிறுநீர் கலங்கி நாறுதல், கறுத்த மலம் ஆகியவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே காட்ட வேண்டும். போகும்போது மாத்திரைச் சீட்டையும், பிபியும் சர்க்கரையும் எழுதிவைத்த நோட்டையும், மருத்துவமனை தந்த வெளியேற்றச் சுருக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.